உஷார்! முட்டியில் ‘டப்’ என்று கேட்டால் களத்தை விட்டு வெளியே வாருங்கள்

கபடி ஆடும் தம்பிகளே, தங்கைகளே! காலை ஊன்றித் திரும்பும்போது முட்டிக்குள் ‘டப்’ என்று கேட்டதா? ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டதா? அதைச் சுளுக்கு என்று நினைத்து நீவி விடாதீர்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து நிறுத்தும் ஜவ்வு கிழிந்திருக்கலாம்.

நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை, தொப்பூர் வட்டாரத்தில் பொங்கலும் ஊர்த் திருவிழாவும் வந்தால் கபடி ஆசையும் கூடவே வரும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய கபடி அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் களத்துக்கு வருவது நல்லதே. ஆனால் வருடம் முழுக்கப் பயிற்சி இல்லாமல், திருவிழா அன்று மட்டும் இறங்கி ஆடுவதுதான் ஆபத்து.

வலி போனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். ஜவ்வுக் கிழிசல் தெரியாது. ‘எலும்பு நல்லா இருக்கு’ என்று கேட்டதும் நிம்மதியாகி, சுளுக்கு எடுப்பவரிடமோ புத்தூர் கட்டுக்கோ போய்விடுகிறார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும், நடையும் சரியாகிவிடும். அடுத்த போட்டியில் திரும்பும்போது முட்டி கழன்றுபோவது போல விலகும். அப்படி ஒவ்வொரு முறை விலகும்போதும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு நசுங்கிக் கிழிய வாய்ப்புண்டு. முப்பது, நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வருவது இப்படித்தான்.

யாரும் மோதாத கோல்ஃப் ஆடுபவருக்கே இந்த ஜவ்வு கிழிவதுண்டு. டைகர் உட்ஸ் 2008 ஜூனில் ஜவ்வு கிழிந்த இடது முட்டியோடு அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். உடனே அறுவை சிகிச்சை; மறுபடி போட்டிக்கு வந்தது 2009 பிப்ரவரியில்தான். உலகின் சிறந்த மருத்துவம் கிடைத்தவருக்கே அத்தனை மாதம் ஆனது என்றால், இரண்டு வாரம் கட்டுப் போட்டால் நமக்கு எப்படிச் சரியாகும்?

களத்தில் இறங்குவதற்கு முன்

இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மெதுவோட்டம், பக்கவாட்டு ஓட்டம், தோப்புக்கரணம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது ஆகியவை போதும். கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா வகுத்த இதுபோன்ற இருபது நிமிடப் பயிற்சியை நார்வே நாட்டுச் சிறுமிகளிடம் சோதித்தபோது, காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். அவர்கள் ஒருநாளும் இந்தப் பயிற்சியைத் தவிர்க்கக் கூடாது.

ஆட்ட முறையிலும் கவனம் வேண்டும்:

- குதித்து இறங்கும்போது இரு கால்களிலும், முட்டியை மடக்கி இறங்குங்கள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது.
- ரெய்டு போய்த் திரும்பும்போது ஒரே காலை ஊன்றிச் சுழலாதீர்கள். சின்னச் சின்ன அடிகள் வைத்துத் திரும்புங்கள்.
- பிடிக்கப் போகிறவர் தலையைக் குனிந்து பாயக் கூடாது. தலை நிமிர்ந்தே இருக்கட்டும். எதிராளியின் முட்டிக்கு நேரே தலையைக் கொடுத்தால் கழுத்து போய்விடும்.
- களத்தில் கல், சரளை இருந்தால் பொறுக்கிவிட்டு, மண்ணைக் கிளறி இளக்கிய பிறகே ஆடுங்கள்.

அடிபட்டால்

உடனே வெளியே உட்காருங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தேய்ப்பதோ இழுத்து விடுவதோ வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போய், ‘டப்’ சத்தம் கேட்டதையும் எத்தனை மணி நேரத்தில் வீங்கியது என்பதையும் சொல்லுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

விழா நடத்தும் பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த 22 வயதுக் கல்லூரி மாணவர் களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். யாராவது விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் கூட்டம் கூடி நிற்காதீர்கள். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். மூச்சு இருந்து, கழுத்தில் அடிபட்டதாகத் தெரிந்தால் தூக்காதீர்கள், அசைக்காதீர்கள்.

கோப்பைக்கும் சாப்பாட்டுக்கும் காசு ஒதுக்குகிறோம். ஒரு பெட்டி ஐஸுக்கும், முதலுதவி தெரிந்த ஒருவருக்கும் ஒதுக்குங்கள். முட்டி வீங்கிய பிள்ளை ‘ஆடுறேன்’ என்று அடம் பிடித்தாலும் இறக்காதீர்கள். கோப்பையை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.