மலையேற்றமும் மலையறிவும்

ராசிங்காபுரத்துப் பக்கம் வாழும் எம்போன்றோர்க்குப் போடி மலைகள் நாள்தோறும் காணும் காட்சி. நகரத்து இளைஞர்க்கோ அவை, அலுவலக வாழ்வில் கிட்டாத அமைதியைத் தேடிச் செல்லும் இடம். அத்தேட்டத்தை நான் குறை கூறேன். இளமைக்கு அது இயல்பே.

ஆயினும், 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலை சென்று குரங்கணி நோக்கி இறங்கிய இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினர்; 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணிவு அவர்களிடம் இல்லாமலில்லை. பின் எது வேண்டும்? மலையைப் பற்றிய அறிவு வேண்டும்.

மார்ச்சுத் திங்களில் மலைப்புல் சருகாய்க் காய்ந்திருக்கும். சமவெளியில் சுடர் நிமிர்ந்து எரியும். சரிவிலோ அது மேலேயுள்ள புல்லை நெருங்கி நின்று, பற்றுமுன்பே அதனைச் சூடேற்றிவிடும். ஆதலால் சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். மேல்நோக்கி ஓடுபவரைத் தீ எளிதில் முந்திவிடும்.

அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. மாணவ நண்பர்களே, மலைக்குச் செல்லுங்கள். ஆனால் வனத்துறையின் இசைவைப் பெற்று, மலையில் வாழ்வோரிடம் பருவநிலையைக் கேட்டறிந்து செல்லுங்கள். வாழ்வின் பொருளைத் தேடிச் செல்பவர், அதனை வாழ்ந்து காட்ட வீடு திரும்ப வேண்டுமல்லவா?