ஒரே தூரின் பிள்ளைகள்

மேற்குக் கென்யாவின் புங்கோமா பகுதியில் மாட்டை மேயவிட இடம் கிடையாது. ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அதில் மக்காச்சோளம் போடும், வயலோரத்தில் நேப்பியர் புல் வளர்க்கும், தொழுவத்தில் கட்டிய கறவைக்கு அதை அறுத்துப் போடும். பால் காசு வருவதும், அதில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டுவதும் அந்தப் புல்லை நம்பித்தான்.

1990களின் பிற்பகுதியில் அங்கே புல் குட்டையாகத் தொடங்கியது. முதல் அறுப்பு வரை ஒன்றும் தெரியாது. அறுத்தபின் வரும் துளிரில்தான் கேடு தெரியும். ஆளை மறைக்க வேண்டிய புல் முழங்காலோடு நின்றுவிடும். இலை சிறுத்து மஞ்சளாகும், தூரிலிருந்து ஈர்க்குச்சி போல மெலிந்த சிம்புகள் கொத்தாக வெடிக்கும். இன்னும் சில அறுப்புகளில் தூரே பட்டுப்போகும். செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர்தான் காரணம், பெயர் பைட்டோபிளாஸ்மா. நம் ஊர்க் கத்தரியில் சிற்றிலை நோய் வருவதும் இதே வகை நுண்ணுயிரால்தான். ஒரு தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சும்போது இதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. ஊருக்கு ஊர் கொண்டுபோனதில் மனிதர்களுக்கும் பங்கு உண்டு, கரணை வழியாக.

நேப்பியர் வளர்ப்பவர்கள் யாரும் விதையைத் தேடுவதில்லை. விதை பொடியாக இருக்கும், முதிர்ந்ததும் உதிர்ந்துவிடும், முளைப்பது குறைவு, முளைத்தாலும் தாயைப் போல இராது. அதனால் நல்ல தூராகப் பார்த்துத் தண்டை வெட்டி, இரண்டு கணு உள்ள கரணையாக நடுகிறோம். கரணையில் வருவது பிள்ளை அல்ல, அதே செடிதான். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போய் நட்டாலும் அதே செடி. ஒரு தூரைச் சாய்க்கும் நோய் ஊரையே சாய்த்துவிடுவது இதனால்தான்.

கோவை இந்தக் கதைக்குள் வருவது 1953இல். இங்கே கம்பையும் நேப்பியரையும் இணைத்து ஒட்டுப்புல் உருவாக்கினார்கள். இரண்டுக்குமே பூர்வீகம் ஆப்பிரிக்கா. கம்பின் இனிப்பும் மென்மையும், நேப்பியரின் வேகமும் பல்லாண்டு ஆயுளும் ஒரே செடியில் சேர்ந்தன. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, ஒட்டுக்கு 21. சரிபாதியாகப் பிரிய முடியாத எண்ணிக்கை என்பதால் ஒட்டுப்புல் விதை கட்டாது. கரணையைத் தவிர அதற்கு வேறு வழியே இல்லை. 2008இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 என்ற ஒட்டுரகம் கோ-8 கம்புக்கும் எஃப்.டி. 461 என்ற நேப்பியருக்கும் பிறந்தது. நன்றாகப் பராமரித்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன் பசும்புல் தரும் என்கிறது பல்கலைக்கழகம். பழைய நேப்பியரின் சுணையில் கை அரித்து அறுத்தவர்களுக்கு இதன் மென்மை எவ்வளவு பெரிய வரம் என்பது தெரியும். நானும் அப்படி அறுத்தவள்தான்.

ஆனால் எஃப்.டி. 461 என்ற அந்த ஒரு நேப்பியர் கையில் இல்லாதிருந்தால் கோ-4 இல்லை. அடுத்த ரகமும் இப்படி ஏதோ ஒரு நேப்பியரை நம்பித்தான் இருக்கிறது. கென்யாவில் கரிப்பூட்டை நோய் நேப்பியரைத் தாக்கியபோது, பல வகைகளைச் சோதித்து, தாங்கி நின்றவற்றிலிருந்துதான் கக்கமேகா-1, கக்கமேகா-2 ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வகைகள் பலவாக இருந்ததால்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

விதை போடும் புல்லுக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைத்தால் பிரேசிலைப் பார்க்க வேண்டும். அங்கே செராடோ சமவெளியை மூடியது ஆப்பிரிக்காவிலிருந்து போன பிரக்கியாரியா புல். அதில் ஒரு வகையை நுரைப்பூச்சி சூறையாடியபோது, பூச்சியைத் தாங்கும் மராண்டு என்ற ரகத்தை 1984இல் எம்ப்ராபா நிறுவனம் வெளியிட்டது. ஜிம்பாப்வேயில் பிறந்த புல் அது. கோடிக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. பிறகு அமேசான் பகுதியில், மழைநீர் வடியாத மண்ணில் மேய்ச்சல் நிலம் திட்டுத்திட்டாகச் செத்தது. மராண்டுவுக்குத் தேங்கும் நீர் ஆகாது. அந்தப் புல்லின் விதைக்குள் இருக்கும் கருவில் தந்தைக்குப் பங்கில்லை, தாய் தன்னையே நகலெடுத்து வைக்கிறது. விதையாக விதைத்தாலும் விளைவது கரணை நட்டதற்குச் சமம்தான். இப்படிப்பட்ட புல்லில் இனக்கலப்பு செய்வது எப்படி? பெல்ஜியத்தில் சிலர் கோல்ச்சிசின் மருந்தால் ருசிசியென்சிஸ் என்ற உறவுப்புல்லின் குரோமோசோமை இரட்டிப்பாக்கி, கலந்து விதை தரும் தாய்ச்செடியை உருவாக்கினார்கள். அதன் பிறகே கொலம்பியாவின் சியாட் நிலையத்திலிருந்து முலாட்டோ போன்ற ஒட்டுரகங்கள் வர முடிந்தது. பூட்டிக் கிடந்த மரபுச் செல்வத்துக்குச் சாவி செய்த அந்த வேலையை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

நேப்பியரின் செல்வம் எத்தியோப்பியாவில், பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் மரபு வங்கியில் இருக்கிறது. குளிர் அறையில் விதையாக வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நேப்பியரை வயலில், உயிரோடு வைத்திருக்க வேண்டும். களை எடுத்து, அறுத்து, ஒரு பாத்தியின் சிம்பு அடுத்ததில் கலக்காமல் காத்து, ஆண்டு முழுவதும் ஆள் நிற்க வேண்டிய வங்கி அது. அங்குள்ளவற்றையும் பிரேசிலிலிருந்து பெற்றவற்றையும் சேர்த்து 105 நேப்பியர்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. எது எதற்கு உறவு, எதை எதோடு சேர்த்தால் பலன் என்று இனி கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டியதில்லை. அந்த வயல்களுக்கு ஒதுக்கும் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது தவறு, அது ஏழையின் பால் கணக்கு.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்தாள்.

“ஏனுங்கக்கா, நாலு கட்டு கரணை குடுங்க. கோ-4 மட்டும் போதும்.”

“கோ-5-உம் எடுத்துக்க, கண்ணு. தனித்தனி வரிசையா நடு.”

மஞ்சளாக நின்ற ஒரு தூரை ஒதுக்கிவிட்டு, இரண்டிலும் வெட்டிக் கொடுத்தேன். மானாவாரித் துண்டில் போட அவளுக்குக் கொஞ்சம் கொழுக்கட்டைப் புல் விதையும் கொடுத்தேன். அது அவளுடைய பாட்டி காலத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் தானாக விளைந்த புல்.