ஒரு பக்க மரபணு

2013இல் ஷாங்காயின் ஒரு பன்றிப் பண்ணையில் பிடிபட்டது அந்த ஈ.கோலை. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாதான். ஆனால் கோலிஸ்டின் என்ற மருந்துக்கு அது மசியவில்லை. வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. சீனப் பண்ணைகளிலோ, கால்நடைகள் கொழுக்க வேண்டும் என்று அதைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள்.

'மசியவில்லை' என்பதை எப்படி அளப்பது? 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு போதும். முதல் குழியில் மருந்தின் அளவு அதிகம், அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி. எல்லாவற்றிலும் பாக்டீரியாவை விட்டு ஓர் இரவு கதகதப்பில் வைப்பார்கள். பாக்டீரியா பெருகிய குழி கலங்கிவிடும். கலங்காத குழிகளில் மருந்து எதில் மிகக் குறைவோ, அதுவே 'குறைந்தபட்சத் தடுப்பு அளவு'. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள குழியிலும் ஈ.கோலை வளர்ந்தால், கோலிஸ்டினை அது வென்றுவிட்டது என்று பொருள்.

மருந்து தோய்த்த காகித வில்லையை பாக்டீரியாப் படலத்தின் மேல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. கோலிஸ்டினிடம் அது எடுபடாது. இதன் மூலக்கூறு பெரியது. அகர் கூழில் சரியாகப் பரவாது. அதனால்தான் இந்தக் குழித்தட்டு.

தட்டு சொல்வது எவ்வளவு என்பதை மட்டும். ஏன் என்பதற்கு டிஎன்ஏவைப் படிக்க வேண்டும். ஈ.கோலையின் மரபணுத் தொகுப்பில் சுமார் 50 லட்சம் எழுத்துகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று அச்சிட்டால் 2,500 பக்கப் புத்தகம். தென் சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் லியு ஜியான்ஹுவா குழுவினர் தேடிய விடை அந்தப் பெரிய புத்தகத்தில் இல்லை; கூடவே இருந்த 32 பக்கக் கையேட்டில் இருந்தது. இப்படி முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே தனியாகச் சுழலும் டிஎன்ஏ வளையத்துக்கு பிளாஸ்மிட் என்று பெயர். அதில் 1,626 எழுத்துகள், ஒரு பக்கம்கூட நிரம்பாத மரபணு: எம்சிஆர்-1.

அது செய்யும் வேலை நுட்பமானது. கோலிஸ்டின் நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது. அந்த ஈர்ப்பால் ஒட்டிக்கொண்டுதான் மருந்து சவ்வைச் சிதைக்கிறது. எம்சிஆர்-1 உருவாக்கும் நொதி, சவ்வில் ஒரு சிறு வேதிக்குழுவை ஒட்டி எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை.

பிளாஸ்மிட் ஊர்சுற்றி. அதை வைத்திருக்கும் பாக்டீரியா, பக்கத்தில் இருப்பதற்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிடும். ஆய்வகத்தில், சோதனைக்கு வைத்த ஈ.கோலைகளில் ஆயிரத்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை அதைப் பெற்றுக்கொண்டன.

அடுத்து, இந்த மரபணு எங்கெல்லாம் போயிருக்கிறது என்ற தேடல். அதற்குத் துணை பிசிஆர். தேவையான டிஎன்ஏ துண்டை மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும் முறை இது. 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். 2011 முதல் 2014 வரை சேகரித்த ஈ.கோலைகளில், இறைச்சி மாதிரிகளில் 15 விழுக்காட்டிலும், வெட்டவிருந்த விலங்குகளில் 21 விழுக்காட்டிலும் எம்சிஆர்-1 இருந்தது. மருத்துவமனை நோயாளிகளிடம் சுமார் 1 விழுக்காடு. கால்நடைகளிடமிருந்து மனிதர்களுக்கு வந்திருக்கலாம் என்று இந்த ஏற்றத்தாழ்வு சுட்டியது. 2015 நவம்பரில் முடிவு வெளியானதும் பல நாடுகளின் ஆய்வகங்கள் தங்கள் உறைபெட்டிகளைத் துழாவின. சீனாவில் 1980களில் கோழிகளிடமிருந்து எடுத்து வைத்த பாக்டீரியாவிலேயே அந்த மரபணு இருந்தது!

2017 ஏப்ரல் இறுதியோடு கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகத் தீவனத்தில் கலப்பதைச் சீனா நிறுத்தியது. இந்தியா 2019இல் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது. மருந்தே இல்லாத இடத்தில் எம்சிஆர்-1 பாக்டீரியாவுக்கு வீண் சுமை, சுமக்காதவை முந்திக்கொள்கின்றன. சீனப் பன்றிகளின் ஈ.கோலையில் கோலிஸ்டின் எதிர்ப்பு 2015-16இல் 34 விழுக்காடு, 2017-18இல் 5.1.