வீட்டுத் தாழ்வாரத்தில் மர, தோல் வேலைப் பட்டறை

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் ஓர் ஆண்டின் வருமானத்தை முடிவு செய்வது புரட்டாசி, ஐப்பசி மாதங்களின் சில நாட்களே. மழை பெய்து ஈரம் மிஞ்சினால் கரிசல் காலை உள்ளே விடாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பதத்தில் ஏர்க்கால் முறிந்தால், மண்வெட்டிக் காம்பு ஒடிந்தால், தெளிப்பான் காற்றுப் பிடிக்காமல் போனால், இழப்பு பழுது பார்க்கும் கூலியோடு நிற்பதில்லை. பதமும் தவறிப் போகிறது.

முன்பு கமலைக்குத் தும்பி தைக்கவும், கலப்பை செதுக்கவும் ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள். கூலி களத்து மேட்டில் தானியமாகக் கிடைத்தது. பம்புசெட்டும் டிராக்டரும் வந்தபின் அந்த வேலை குறைந்து, அவர்களின் பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். ஆனால் காம்பும் வாரும் இன்றும் வேண்டியிருக்கின்றன. சிறு விவசாயி தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே ஒரு பட்டறை வைத்துக்கொண்டால் அவசர நேரத்தில் டவுனுக்கு அலைய வேண்டியதில்லை.

இடமும் மேஜையும்

10 அடிக்கு 8 அடி இடம் போதும். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்குவதால் தரை வெடித்து மேஜை ஆடும். எனவே ஓர் அடி ஆழம் மண்ணை எடுத்துவிட்டுச் சரள் கொட்டி, நீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். திறந்த பக்கம் கிழக்கு அல்லது வடக்கு நோக்கி இருப்பது நல்லது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, ஆனி, ஆடியில் புழுதியை வாரி இறைக்கும், தோலையும் உலர்த்திவிடும்.

மேஜையின் உயரம், நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு அளவுக்கு வர வேண்டும். மேற்பலகை 2 அங்குலக் கனத்தில் வேம்பு அல்லது புளியாக இருந்தால் அடி தாங்கும்.

முதல் ஆண்டிலேயே எல்லாக் கருவிகளும் வாங்க வேண்டாம். மர வேலைக்கு ரம்பம், வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, அரை அங்குல உளி, ஓர் அங்குல உளி, மூலைமட்டம், துளை போடும் கருவி, சாணைக்கல் ஆகியவை போதும். தோல் வேலைக்குக் கூரிய கத்தி, குத்தூசி, இரண்டு தையல் ஊசி, ஓட்டை போடும் உளி, கெட்டி நூல், தேன்மெழுகு இருந்தால் போதும்.

சீமைக் கருவேல் கைகொடுக்கும்

விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகும் சீமைக் கருவேலின் வைரம் பாய்ந்த கட்டை கடினமானது. காயும்போது சுருக்கமும் குறைவு. நேராக ஓடிய கிளைகளைப் பட்டாக் காட்டிலிருந்து பங்குனியில் வெட்டலாம். கண்மாய், புறம்போக்கு மரங்களை அனுமதியின்றித் தொடக்கூடாது.

வெட்டியவுடன் பட்டையை உரித்து, இரு முனைகளிலும் சாணம் பூசி, கறையான் ஏறாதபடி கல் மேல் இடைவெளி விட்டு நிழலில் அடுக்க வேண்டும். காம்புக் கனமுள்ள கட்டை ஆவணி, புரட்டாசிக்குள் வேலைக்கு ஆகும். பச்சைக் காம்பை மாட்டினால் பின்னால் சுருங்கிக் கழன்று, மண்வெட்டி தெறித்துக் காலில் விழும். காம்புக்கு ரேகை மாறாமல் பிளந்தெடுத்த துண்டே நல்லது. குறுக்கு ரேகை உள்ள காம்பு அந்த இடத்திலேயே ஒடியும்.

தோலைப் பதனிட வேண்டாம்

ஆவாரம் பட்டையால் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். ஆவாரை நம் காட்டோரத்திலும் உண்டு. ஆனாலும் வீட்டில் பதனிட இறங்க வேண்டாம். அதற்கு நிறைய நீர் வேண்டும். கழிவு நீர் நிலத்தைக் கெடுக்கும். பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைக் கழிவால் விளைநிலமும் குடிநீரும் கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996-ல் தீர்ப்பு வந்தது. பதனிட்ட தோலை வாங்கி வேலை செய்வதே நமக்கு ஏற்றது. திண்டுக்கல் தோல் தொழிலுக்குப் பெயர்போன ஊர்.

வார் வெட்ட முதுகுப் பகுதித் தோலைக் கேட்டு வாங்க வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபட்டு நீளும். மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரு பக்கமிருந்தும் நுழைத்துத் தைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரியாது. மாட்டின் கழுத்துவார், மணிவார், செருப்பு எல்லாவற்றுக்கும் இதே தையல்தான். தோலுக்கு அவ்வப்போது ஆமணக்கெண்ணெய் தடவி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

மரமும் தோலும் சேரும் இடம்

பழைய பித்தளைத் தெளிப்பானில் காற்று அடைக்கும் கிண்ண வடிவ வாஷர் தோலால் ஆனது. அது காய்ந்து சுருங்கியிருந்தால் எண்ணெயில் ஊறவைத்தாலே பெரும்பாலும் சரியாகும். கிழிந்திருந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஒரு கட்டையில் பம்பு உருளையின் உள்வாய் அளவுக்குத் துளை போட வேண்டும். தோலின் கனத்தைப் போல இரு மடங்கு குறைத்து ஓர் உருட்டுக் கட்டை செதுக்கிக்கொள்ள வேண்டும். பட்டையால் பதனிட்ட தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, துளையில் கட்டையால் அழுத்தி, நிழலில் காயவிட்டால் கிண்ணம் தயார். விளிம்பை வெட்டிச் சீராக்கி, நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெயில் ஊறவைத்து மாட்டலாம்.

நுகத்தடியும் இப்படித்தான். கழுத்தில் படும் இடம் கரடுமுரடாக இருந்தால் மாட்டுக்குப் புண் வந்து, விதைப்பு நாளில் ஏர் நின்றுவிடும். விளிம்பை உருட்டி வழவழப்பாக இழைத்து, மெல்லிய தோலைச் சுருக்கமில்லாமல் சுற்றித் தைக்க வேண்டும். முடிச்சும் தையலும் கழுத்தில் படாமல் மேல்பக்கம் வரட்டும்.

கற்பதும் கடனும்

மரவேலை இன்ன சாதிக்கு, தோல் வேலை இன்ன சாதிக்கு என்ற பழைய எண்ணம் இங்கே உதவாது. ஊரில் இந்த வேலை தெரிந்த பெரியவர் இருந்தால் அவரை மதித்து அழைத்து, உரிய கூலி கொடுத்துக் கற்றுக்கொள்வதே குறுக்கு வழி. தோல் பொருள் செய்ய முறையான பயிற்சி வேண்டுவோருக்குச் சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

பக்கத் தொழிலாக வெளி வேலையும் எடுக்க நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் சேர்க்கப்பட்டன. தச்சு வேலையும் தோல் பொருள் வேலையும் அவற்றில் அடங்கும். 3 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய், மானியமும் அறிவிக்கப்பட்டது. விதிகள் மாறக்கூடும் என்பதால் நேரில் கேட்டறிந்த பிறகே கருவி வாங்க வேண்டும்.

பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் முறையைக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்குப் பரிந்துரைக்கிறது. அப்படி விதைப்பவர்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு. ஆகவே ஆவணி பிறந்ததும் காம்பு, வார், நுகத்தடி, தெளிப்பான் எல்லாவற்றையும் மேஜைக்குக் கொண்டுவந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆடும் காம்பை மாற்றி, பிரிந்த தையலைத் தைத்து, இரண்டு உபரிக் காம்புகளைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டால், மழை எந்த நாளில் வந்தாலும் ஏர் நிற்காது.