மாடு இழுக்கும் செக்கை மனிதன் இழுத்தான்!
பாப்பாரப்பட்டி முதல் பனிக்காடு வரை: சிறைக் கொடுமையின் சாட்சிகள்

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர். தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அந்த ஊரில் அவர் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு 41 வயதுகூட நிறையவில்லை.

மேடை ஏறினால் சிங்கம் போல முழங்கியவர் அவர். அந்த உடல் ஏன் அவ்வளவு சீக்கிரம் அழிந்தது? காரணம், ஜெயில்!

சோறு போட்டதும் குற்றம்

1908-ம் ஆண்டு மார்ச் மாதம் தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் மீது ராஜத் துரோக வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை. வ.உ.சி.க்கு 40 ஆண்டு! அதில் 20 ஆண்டு, சிவாவுக்கு இடமும் சோறும் கொடுத்து ஆதரித்ததற்காக!

அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் இருவரும் 1912-ம் ஆண்டில்தான் வெளியே வந்தார்கள். சிவா வெறுங்கையோடு வரவில்லை. ஜெயிலில் பிடித்த தொழுநோயோடு வந்தார்.

பிறகு அந்த நோயையே காரணம் காட்டி, அவர் ரெயிலில் ஏறக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. சிவா அசரவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் தங்கினார். அங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் கட்ட நினைத்தார். 1923-ல் வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைப் பார்க்க சிவா உயிரோடு இல்லை. அவர் கனவு கண்ட ஊரில் இன்று பாரத மாதா நினைவாலயம் நிற்கிறது.

செக்கு இருக்கிறது

வ.உ.சி.யைக் கோவை ஜெயிலில் செக்கு இழுக்க வைத்தார்கள். மாடு சுற்ற வேண்டிய இடத்தில், கப்பல் ஓட்டிய வக்கீல் சுற்றினார். அந்தச் செக்கை இன்றும் பார்க்கலாம். சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தமான் தனிச் சிறையிலும் இதே கதைதான். கைதிகள் செக்கில் தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். அளவு குறைந்தால் தண்டனை. அந்தச் சிறைக்கு ஏழு சிறகுகள் இருந்தன. இன்று மூன்றுதான் மிச்சம். 1979-ல் அது தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று.

இவை வெறும் கல்லும் சுவரும் அல்ல, சாட்சிகள். “இப்படியெல்லாம் நடக்கவில்லை” என்று நாளை யாரும் சொல்ல முடியாது.

பனியில் கிடக்கும் முகாம்கள்

இப்போது ருஷியாவைப் பாருங்கள். அங்கேயும் உழைப்பையே தண்டனையாக்கினார்கள். ஆனால் அளவு வேறு. நினைத்தாலே நெஞ்சு நடுங்கும் அளவு!

‘குலாக்’ என்ற முகாம் நிர்வாகம் 1930-ல் ஏற்பட்டது. ஸ்டாலின் 1953-ல் இறக்கும் வரை சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் அந்த முகாம்களுக்குள் போனதாகச் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மாண்டவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். திருடனும் கொலைகாரனும் மட்டும் அங்கே போகவில்லை. வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னவனும் போனான்.

மரம் வெட்டினார்கள். தங்கம் தோண்டினார்கள். கால்வாய் வெட்டினார்கள். செய்த வேலைக்குத் தக்கபடிதான் ரொட்டி. வேலை குறைந்தால் ரொட்டி குறையும். ரொட்டி குறைந்தால் உடம்பில் வலு குறையும். மறுநாள் வேலை இன்னும் குறையும். பிறகு சாவுதான்!

வடகோடியில் சலேகார்டு முதல் இகார்க்கா வரை ஒரு ரெயில் பாதை போட 1947-ல் ஆரம்பித்தார்கள். உறைந்த சதுப்பு நிலத்தில் கைதிகள் தண்டவாளம் போட்டார்கள். 1953-ல் ஸ்டாலின் இறந்ததும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். பாதையால் யாருக்கும் பயன் இல்லை. இன்றும் அந்தக் காட்டில் மரக் கொட்டகைகள் சாய்ந்து கிடக்கின்றன. ரெயில் என்ஜின்கள் துருப்பிடித்து நிற்கின்றன. தண்டவாளங்கள் பாம்பு போல நெளிந்து கிடக்கின்றன.

கிழக்கே கோலிமா பகுதியில் ஒரு நெடுஞ்சாலை. கைதிகள் போட்டது. ‘எலும்புச் சாலை’ என்றே அதற்குப் பெயர்!

காப்பவர் யார்?

யூரல் மலைப் பக்கம் ‘பெர்ம்-36’ என்ற முகாம் மட்டும் ஓரளவு முழுசாகத் தப்பியது. 1990-களில் சில ஆர்வலர்கள் அதைப் பழுது பார்த்து, காட்சிசாலை ஆக்கினார்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நிர்வாகம் அவர்கள் கையை விட்டு அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று.

மாண்டவர்களின் பெயர்களைத் திரட்டி வந்த ‘மெமோரியல்’ சங்கத்தைக் கலைக்கும்படி ருஷிய சுப்ரீம் கோர்ட்டு 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே அந்தச் சங்கத்துக்கு நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது! மாஸ்கோவில் இருந்த குலாக் காட்சிசாலை 2024 நவம்பரில் மூடப்பட்டது. தீப்பாதுகாப்பு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள்.

நம் செக்கு ஏன் பிழைத்தது? இழுத்தவர் பக்கம் ஜெயித்தது. இழுக்க வைத்தவன் கப்பல் ஏறினான். ருஷியாவில் அப்படி இல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே நாட்டார், ஒரே தெருக்காரர். பழைய கணக்கைப் புரட்டினால் தன் வீட்டுப் பெயரே வருமோ என்ற பயம் பலருக்கு. ஆகவே மறந்துவிடுவது சுலபமாக இருக்கிறது.

நாம் மட்டும் மறக்கவில்லையா? கோவை ஜெயிலில் வ.உ.சி.க்கு முன்பும் பின்பும் செக்கு இழுத்தவர்கள் உண்டு. வயிற்றுக்குத் திருடியவன், வரப்புச் சண்டையில் வெட்டியவன் என்று எத்தனையோ பேர். அவர்கள் முதுகும்தான் வளைந்தது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கிண்டிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போய் அந்தச் செக்கைக் காட்டுங்கள். பாப்பாரப்பட்டி வழியாகப் போனால் சிவாவின் சமாதியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இழுத்த பெரியவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் இழுத்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.