காலில் அடிபட்டவரைத் தூக்கி நிறுத்தலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், சிதம்பரம் கடைவீதிகளில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது ஆள் விழுவதும், அட்டி சரிந்து காலில் விழுவதும் நம் தொழிலில் புதிதல்ல. உடனே நாலு பேர் கூடி, "ஒண்ணுமில்லே, எழுந்து நட" என்று தூக்கி நிறுத்துகிறோம். இந்த வழக்கத்தை வணிகர்களாகிய நாம் அடியோடு விட வேண்டும்.

காரணம் இதுதான். முறிந்த எலும்பின் முனை கத்தி போன்றது. அசைத்தால் ரத்தக் குழாயையும் நரம்பையும் அறுக்கும். தோலைக் கிழித்து வெளியே வந்தால் சீழ் பிடிக்கும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு தெரியாமலே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் சேரக்கூடும்.

டாக்டர் எப்படிப் பார்க்கிறார்? முதலில் மூச்சையும் ரத்தப் போக்கையும் கவனிக்கிறார். அதன் பிறகே கால். துணியைக் கத்தரித்து இரண்டு கால்களையும் ஒப்பிடுகிறார். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பு மூட்டருகே முறிவு என்று சந்தேகிக்கிறார். பிறகு இடுப்பிலிருந்து பாதம் வரை விரலால் மெல்ல அழுத்தி, எலும்பின் மேல் எங்கே வலி என்று கண்டறிகிறார். பாதத்தின் மேல்புறமும் உள் கணுக்காலின் பின்புறமும் நாடி பார்க்கிறார். விரல்கள் அசைகின்றனவா, தொடு உணர்ச்சி உண்டா, சில்லிட்டிருக்கின்றனவா என்றும் பார்க்கிறார். எக்ஸ்ரேயில் முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்தே எடுப்பார்கள்.

"நடந்துவிட்டான், எலும்புக்கு ஒன்றுமில்லை" என்பது தவறு. சில முறிவுகளோடு நடக்கவும் முடியும். 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் கணுக்கால் காயத்துக்கு ஒரு விதிமுறை வகுத்தார்கள். அதில் நாலடி நடக்க முடிகிறதா என்பதோடு, எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அது டாக்டர் செய்யும் சோதனை. கடை வாசலில் நாம் செய்வதல்ல.

நாம் செய்ய வேண்டியவை:

1. கிடந்த நிலையிலேயே வைத்து 108-க்குத் தகவல் சொல்லுங்கள்.

2. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள்.

3. வண்டி வரத் தாமதமாகி, நகர்த்தியே தீர வேண்டுமானால், அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துக் காலின் இருபுறமும் அணைத்து, துண்டால் கட்டுங்கள். கோணலை நிமிர்த்த வேண்டாம். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள்.

4. எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். காபி, சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க இடைஞ்சலாகும்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறிய அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு அருகிலேயே உள்ளன. கட்டுப் போட்ட பிறகும் வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே திரும்ப அழைத்துச் செல்லுங்கள். தசைக்குள் இறுக்கம் கூடினால் சில மணி நேரத்தில் காலே பாழாகிவிடும்.

மூட்டை சுமப்பவருக்குக் கால்தான் முதல். அந்த முதல் கரையாமல் காப்பது நம் கடமை. இதைக் கடை ஆட்களுக்கும் படித்துச் சொல்லும்படி அன்புடன் வேண்டுகிறோம்.