மெட்ராஸ் சாப்பர்ஸ்: படைக்கு முன்னே போகும் துணைப் படை

ராணுவம் என்றதும் துப்பாக்கி ஏந்திய காலாட்படையும் டாங்கிப் படையும்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்குச் சோறும் தோட்டாவும் கொண்டுபோக ஒரு பிரிவு, காயம்பட்டவரைப் பார்க்க ஒரு பிரிவு, செய்தித் தொடர்புக்கு ஒன்று, பழுதான வண்டிகளைச் சரிசெய்ய ஒன்று என்று துணைப் பிரிவுகள் பல உண்டு. இவற்றில் பொறியாளர் படையின் நிலை சற்று விசித்திரமானது. பாலம் இல்லாத இடத்தில் டாங்கி ஆற்றைக் கடக்காது. கண்ணிவெடியை அகற்றாமல் காலாட்படை நகராது. அதனால் துணைக்கு என்று வந்தவர்கள், சண்டை போட வந்தவர்களுக்கு முன்னதாகவே எதிரியின் குண்டுவீச்சுக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் மெட்ராஸ், பெங்கால், பம்பாய் என மூன்று குழுமங்கள் இருக்கின்றன. வயதில் மூத்தது மெட்ராஸ்.

அது பிறந்தது ஒரு நெருக்கடியில். 1780இல் மைசூரின் ஹைதர் அலியின் படை, ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படைப்பிரிவு ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி, பீரங்கிப் படை அதிகாரி ஜோசப் மூர்ஹவுஸ் பொறுப்பில் மெட்ராஸ் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. பாதை வெட்டுவது, சேற்றில் சிக்கிய பீரங்கியை இழுத்துவிடுவது, ஆற்றுத் துறைகளைச் சீர் செய்வது ஆகியவை அவர்களின் வேலை. மறு ஆண்டே சோளிங்கர் போரில் இவர்கள் இருந்தார்கள். 1791இல் பெங்களூர்ப் பேட்டை வாயிலில் நடந்த தாக்குதலில் மூர்ஹவுஸ் மாண்டார்.

அன்றைய போர் பெரும்பாலும் கோட்டையைச் சுற்றியே நடந்தது. மதிலுக்கு நேராக ஓடினால் உயிர் மிஞ்சாது. ஆகவே இரவில் மண்ணைத் தோண்டி, வளைந்து வளைந்து கோட்டையை நெருங்கும் பதுங்கு பள்ளங்களை அமைப்பார்கள். நேர்க்கோட்டில் வெட்டினால் மதில்மேல் இருப்பவன் பள்ளத்தின் நீளம் முழுவதையும் ஒரே பார்வையில் சுட்டுவிடலாம் என்பதால்தான் அந்த வளைவு. மண் நிரப்பிய கூடைகளை விளிம்பில் அடுக்கி அவற்றின் மறைவில் அடுத்த சில அடிகளைத் தோண்டுவார்கள். தேவைப்பட்டால் மதிலுக்கு அடியில் சுரங்கம் குடைந்து வெடிமருந்து வைப்பதும் உண்டு. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் இறுதித் தாக்குதலில், பாறை நிறைந்த காவிரிப் படுகையைக் கடந்து மதிலின் உடைப்பை நோக்கிப் போன படையோடு ஏணிகளைச் சுமந்து போனவர்களும் இந்தப் பயனியர்களே. திப்பு சுல்தான் வீழ்ந்த நாளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் ஏணி சுமந்தவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

சண்டை ஓய்ந்த காலத்திலும் இவர்களுக்கு ஓய்வில்லை. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து நீலகிரிக்கு ஏறும் குன்னூர் மலைப்பாதை 1830களின் தொடக்கத்தில் உருவானபோது உழைத்தவர்கள் பயனியர்கள். 1831இல் படையின் பெயர், பள்ளம் வெட்டுவோர், சுரங்கம் குடைவோர் என்ற பொருளில், மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று மாறியது. பிறகு பெங்களூரின் அல்சூர் ஏரிப் பகுதி அதன் நிரந்தர வீடானது. எகிப்து, ஜாவா, சீனா, பர்மா, அபிசீனியா என்று அந்த நூற்றாண்டில் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இவர்களும் போனார்கள். பிறர் நாட்டைப் பிடிக்கும் போர்களுக்குத்தான் அங்கெல்லாம் இவர்கள் வெட்டிய பாதைகள் பயன்பட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இந்தப் படையின் சமூக வரலாறு தனியாகக் கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியர் போருக்கு ஏற்றவர்கள் அல்ல என்ற கருத்து ஆங்கிலேய அதிகாரிகளிடம் வலுத்தது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இந்தக் கருத்தின் முக்கிய ஆதரவாளர். ‘வீரப் பரம்பரை’ என்று முத்திரை குத்தப்பட்ட வடமேற்கு இனங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்கள் மீது மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அதில் பறையர், கிறிஸ்தவர் உள்ளிட்டோர் பெருமளவில் இருந்தார்கள்; சாதிக் கட்டுப்பாடு தளர்ந்த படை என்று பெயர் வாங்கியிருந்தது. தோண்டவும் சுமக்கவும் கொத்து வேலை செய்யவும் தயங்காத ஆட்கள் இல்லாமல் எந்தத் தளபதியாலும் போரை நடத்த முடியாது. கொள்கையைவிடத் தேவை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். இந்த வீரர்களை அதிகாரிகள் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

உலகப் போர்க்களங்கள் பலவற்றிலும் பரவிய ஒரு கருவி பெங்களூரில் பிறந்தது. 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கிய அதன் பெயரே ‘பெங்களூர் டார்பிடோ’. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நீளமாக்கி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளிவிட்டு வெடிக்க வைப்பார்கள். ஆள் எழுந்து நின்று கம்பியை வெட்ட வேண்டியதில்லை. தரையோடு படுத்தபடியே வழி திறந்துவிடலாம். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் புழங்கிய இந்தக் குழாய், 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கர் கைகளிலும் இருந்தது.

அதே 1944இல், பிப்ரவரி 24ஆம் தேதி, இத்தாலியின் மின்யானோ அருகே நடந்தது இந்தப் படை மறக்காத ஒரு சம்பவம். கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தில் சாப்பர்களின் ஒரு சிறு குழு வழி திறந்துகொண்டிருந்தது. இந்த வேலையில் ஒருவர் வெடி கண்டறியும் கருவியுடன் அங்குலம் அங்குலமாக முன்னே போவார். சோதித்து முடித்த தடத்தில் வெள்ளை நாடா விரிக்கப்படும். மற்றவர்கள் அந்த நாடாவை ஒட்டியே நடக்க வேண்டும். ஜெர்மானியரின் எஸ்-மைன் மிதித்தவுடன் பெரிதாக வெடிக்காது. சிறு சத்தம் கேட்கும். சுமார் 4 நொடி கழித்து மேலே எகிறி, இடுப்பு உயரத்தில் வெடித்து இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் இறைக்கும். அந்தச் சிறு சத்தம் கேட்டதும் சுபேதார் சுப்பிரமணியன் அந்த வெடியின்மீது பாய்ந்து தன் உடலால் மூடினார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் முதல் பெரிய சோதனை காஷ்மீரின் சோஜி லா கணவாயில் வந்தது. 1948இல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருந்த அந்தக் கணவாயைப் பாகிஸ்தான் தரப்பு எதிரிகள் பிடித்துவைத்திருந்தார்கள். லடாக்கின் லே நகரம் துண்டிக்கப்படும் நிலை. காலாட்படைத் தாக்குதல் பலிக்கவில்லை. டாங்கிகளை மேலே ஏற்றுவது என்று ஜெனரல் திம்மையா முடிவு செய்தார். ஆனால் பால்தாலிலிருந்து மேலே போனது கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்கள் பாறையை வெடிவைத்துத் தகர்த்தும், சரிவை வெட்டியும், பனியிலும் எதிரியின் குண்டுகளுக்கு நடுவிலும் அதை டாங்கி போகும் பாதையாக்கினார்கள். வழியிலிருந்த பலவீனமான பாலங்களைக் கடக்கவும், விஷயம் வெளியே தெரியாமல் இருக்கவும் டாங்கிகளின் மேல்கூண்டுகளைக் கழற்றித் தனியே கொண்டுவந்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தபோது, அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காத எதிரிகள் நிலைகுலைந்தார்கள்.

1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றுப் போரிலும் இதே கதைதான். ஷகர்கர் பகுதியில் பாகிஸ்தான் படை அகலமான கண்ணிவெடி வயல்களை அமைத்திருந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸின் 9ஆவது பொறியாளர் ரெஜிமென்ட் பீரங்கித் தாக்குதலுக்கு நடுவே அவற்றில் வழி திறந்தது. வேலை முடிவதற்குள் எதிரி டாங்கிகள் நகரும் செய்தி வர, பூனா ஹார்ஸ் டாங்கி ரெஜிமென்ட் காத்திராமல் உள்ளே புகுந்தது. இருபத்தொரு வயது அருண் கேத்ரபால் பரம் வீர் சக்கரம் பெற்ற சண்டை அதுதான். வழி திறந்த ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகா வீர் சக்கரம் கிடைத்தது. முதல் பெயரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது தெரியும் என்பது கேட்கத்தக்க கேள்வி.

சாப்பர்களின் கையில் இன்றும் இருக்கும் பழைய கருவி பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். 10 அடி நீளமுள்ள ஒரு சட்டத்தின் எடை சுமார் 260 கிலோ; ஆறு பேர் தூக்கிவிடலாம். சட்டங்களை இரும்பு ஊசிகளால் கோத்து, உருளைகளின் மேல் வைத்துத் தள்ளத் தள்ள, பாலம் கரையிலிருந்து நீண்டு எதிர்க்கரையைத் தொடும். கிரேன் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் நிலச்சரிவு சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலத்தை அடித்துப்போனது. மறுநாளே பெங்களூரிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் வந்து சேர்ந்தார்கள். அந்தக் குழுவை வழிநடத்தியவர்களில் மேஜர் சீதா ஷெல்கேயும் ஒருவர். வெள்ளமும் சேறும் வேரோடு வந்து குவிந்த மரங்களும் நிறைந்த படுகையின் நடுவில் ஒரு தாங்குதூண் நிறுத்தி, இரவு முழுவதும் வேலை செய்து, 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் முடித்தார்கள். 24 டன் வரை தாங்கும் பாலம் என்பதால் ஆம்புலன்ஸ்களும் மண் தோண்டும் இயந்திரங்களும் அதன் வழியாகவே முண்டக்கைக்குள் போயின.